கணினிக்கும் கருவிக்கும் இடையே ஒரு கிராணியார்

பிள்ளைகளுக்கு வீட்டிலும் தமிழ்த் தட்டச்சுப் பழக்குங்கள் என்று நாங்கள் சொல்லத் தொடங்கிய நாள்முதல் பெற்றோர் சிலர் தவறாமல் ஒரு வினாவை எழுப்பி வருகின்றனர். "சார், தமிழ் எழுத்து போட்ட கீபோர்டு எந்தக் கடையில் கிடைக்கும்?" என்பதே அது. வாங்க வேண்டியதில்லை, வீட்டில் இருப்பதே போதும் என்பேன். பலர் நம்புவதில்லை. எங்கோ தேடி ஒட்டுத்தாள் வாங்கிவந்து விசைகளின்மேல் ஒட்டிவிடுகின்றனர். ஒட்டுவதில் பிழையொன்றும் இல்லை. ஆயினும் அந்த எழுத்துகள் நம் கண்ணுக்கு மட்டுமே உதவும். கணினி அவற்றைப் பார்ப்பதே இல்லை.

மற்றொரு வினா ஆசிரியர் அறையில் எழுவது. இது செலவு மிகுந்த வினா. பள்ளிக்குப் புதிய கணினி வந்த மறுவாரமே, "பழைய பிரிண்டர் இதில் வேலை செய்யவில்லை, தூக்கிப் போட்டுவிடலாமா?" என்று யாராவது கேட்பார். நேற்றுவரை தேர்வுத்தாள் அச்சடித்துக் கொடுத்த பொறி ஓர் இரவில் கெட்டுப்போகுமா என்று எண்ணிப் பார்க்க ஒருவருக்கும் நேரம் இருப்பதில்லை. பொறி படிக்கட்டின் அடிக்குப் போகிறது. அங்கிருந்து பழைய இரும்புக்காரரிடம் போகிறது. பிறகு பெற்றோர் ஆசிரியர் சங்கத்திடம் புதியது கேட்டு ஒரு கடிதம் போகிறது.

இவ்விரண்டு வினாக்களுக்கும் விடை ஒரே இடத்தில்தான் உள்ளது. டிரைவர் என்று நாம் வழங்கும் இயக்கிதான் அந்த இடம். இயங்குதளத்திற்கும் வன்பொருளுக்கும் நடுவில் நின்று பேசும் சிறிய மென்பொருள் அது. அதன் வேலை என்னவென்று ஆசிரியரும் பெற்றோரும் ஓரளவேனும் அறிந்திருந்தால் பள்ளிப் பணம் வீணாவது குறையும் என்பது என் எண்ணம்.

விசைப்பலகையிலிருந்தே தொடங்குவோம். ஏ என்னும் ஆங்கில எழுத்துப் பொறித்த விசையை அழுத்துகிறோம். விசைப்பலகை கணினிக்கு அனுப்புவது அந்த எழுத்தை அன்று, ஓர் எண்ணை. ஊதா நிற வட்டச் செருகி கொண்ட பழைய விசைப்பலகையாக இருந்தால் கணினியின் இயக்கி பெறும் எண் 30. விரலை எடுத்ததும் இன்னோர் எண் வரும். அது 158, அதாவது 30உடன் 128 சேர்ந்தது. அழுத்தியதற்கு ஓர் எண், விட்டதற்கு ஓர் எண். இவ்வளவுதான் அதற்குத் தெரியும். அந்த விசையின்மேல் என்ன எழுத்து அச்சிடப்பட்டிருக்கிறது என்பது விசைப்பலகைக்கே தெரியாது.

இந்த எண் கணினிக்குள் 96 என்னும் எண்ணிட்ட ஒரு வாயிலில் வந்து நிற்கும். வந்தவுடன், மையச் செயலியை நோக்கிச் செல்லும் ஒரு கம்பியில் மின்னழுத்தம் மாறும். இதைக் குறுக்கீடு என்பர். வகுப்பில் மாணவன் கையை உயர்த்துவதுபோல் என்று வைத்துக்கொள்ளுங்கள். செயலி தான் செய்துகொண்டிருந்த வேலையை அப்படியே நிறுத்திவிட்டு விசைப்பலகைக்குரிய இயக்கியை அழைக்கும். இயக்கி 96ஆம் வாயிலைத் திறந்து எண்ணை எடுத்துக்கொள்ளும். எடுக்காவிட்டால் அடுத்த எண் வர இயலாது. எடுத்தபின் செயலி விட்ட இடத்திலிருந்து தன் வேலையைத் தொடரும். நொடியின் மிகச் சிறிய பின்னத்தில் இவையனைத்தும் முடிந்துவிடும்.

இன்று நாம் பயன்படுத்தும் யு.எஸ்.பி. விசைப்பலகை இவ்வாறு கை உயர்த்துவதில்லை. ஆசிரியர் கேட்டால்தான் வாய் திறக்கும் மாணவன் அது. சில மில்லிநொடிகளுக்கு ஒருமுறை கணினி, "ஏதேனும் உண்டா?" என்று கேட்டுக்கொண்டே இருக்கும். விசை ஏதேனும் அழுத்தப்பட்டிருந்தால் எட்டு பைட்டு கொண்ட ஒரு சிறு அறிக்கை வரும். முதல் பைட்டு ஷிப்ட், கண்ட்ரோல் போன்ற துணை விசைகளுக்குரியது. இரண்டாவது வெறுமனே கிடக்கும். எஞ்சிய ஆறும் ஒரே நேரத்தில் அழுத்தப்பட்டுள்ள விசைகளின் எண்களுக்கு உரியவை.

இந்த அறிக்கையில் அதே ஏ விசைக்குரிய எண் 30 அன்று, 4. யு.எஸ்.பி. கணக்கில் 30 என்றால் மேல்வரிசையில் உள்ள ஒன்று என்னும் இலக்க விசை! ஒரே விசை, ஒரே பொறிப்பு. ஆனால் ஒரு பலகை 30 என்கிறது, இன்னொரு பலகை 4 என்கிறது. இடையில் விவரம் அறிந்த ஒருவர் இல்லாவிட்டால் நாம் அம்மா என்று தட்ட நினைத்து வேறு எதையோ தட்டிக்கொண்டிருப்போம். இயக்கி இந்த இரு எண்களையும் "இன்ன இடத்து விசை அழுத்தப்பட்டது" என்னும் பொதுச் செய்தியாக மாற்றி இயங்குதளத்திடம் ஒப்படைக்கிறது.

தமிழ் வருவது அதற்கும் மேலே உள்ள அடுக்கில். கே என்னும் எழுத்துப் பொறித்த விசையை எடுத்துக்கொள்ளுங்கள். தமிழ்99 அமைப்பைத் தேர்ந்திருந்தால் அது 'ம' ஆகும். அஞ்சல் அமைப்பைத் தேர்ந்திருந்தால் 'க்' ஆகும். விசையும் மாறவில்லை, இயக்கியும் மாறவில்லை; மேலே உள்ள அட்டவணை மட்டுமே மாறியது. 1999இல் சென்னையில் நடந்த தமிழிணைய மாநாட்டையொட்டி வகுக்கப்பட்ட தமிழ்99 ஆகட்டும், நம் மலேசியாவில் முத்து நெடுமாறன் உருவாக்கிய முரசு அஞ்சல் ஆகட்டும், இவை எதுவும் விசைப்பலகையைத் திருத்தவில்லை. ஏற்கெனவே வந்துகொண்டிருந்த எண்களுக்குத் தமிழ்ப் பொருள் கொடுத்தன. 'ம' என்பது யுனிகோடில் 2990. 'க' என்பது 2965. இறுதியில் ஆவணத்தில் சேமிக்கப்படுவதும் எண்ணே. ஆகவே பெற்றோர்களே, வீட்டிலுள்ள விசைப்பலகையே தமிழ் விசைப்பலகைதான். தமிழ்99 அமைப்பு இன்று விண்டோசிலும் ஆப்பிள் கணினியிலும் உள்ளமைந்தே வருகிறது. விசையைப் பாராமல் தட்டப் பழகிய பிள்ளைக்கு ஒட்டுத்தாளும் வேண்டாம்.

இனி அச்சுப்பொறிக்கு வருவோம். அதற்கு முன் ஓர் உவமை.

நம் நாட்டுத் தோட்ட வாழ்க்கையை அறிந்தவர்களுக்குக் கிராணியாரை அறிமுகப்படுத்த வேண்டியதில்லை. துரைமார் சிலர் தமிழ் கற்றிருந்தனர் என்பது உண்மையே. ஆயினும் ஒவ்வொரு தொழிலாளியிடமும் துரை நேரில் பேசிக்கொண்டிருந்ததில்லை. துரைக்கு வேண்டியது இன்று எத்தனை ராத்தல் பால் வந்தது என்னும் கணக்கு. தொழிலாளிக்குத் தெரிந்தது தன் நிரை, தன் மரங்கள், தன் வாளி. இவ்விரண்டையும் செக்ரோல் புத்தகத்தில் இணைத்தவர் கிராணியார். மேலிருந்து வரும் கட்டளையைக் கீழே புரியும்படி சொல்வார். கீழே நடப்பதை மேலே கேட்கும் வடிவில் எழுதுவார். அவர் விடுப்பில் போய்விட்டால் துரையும் இருப்பார், தொழிலாளியும் இருப்பார், வேலைதான் நடக்காது.

இயக்கி ஒரு கிராணியார். "இந்தப் பக்கத்தை அச்சடி" என்பது துரையின் சொல். "உருளையை இத்தனை படி சுழற்று, மைத்தலையை இத்தனை புள்ளி நகர்த்து" என்பதே பொறிக்குப் புரியும்.

பழைய அச்சுப்பொறியில் இந்தப் பேச்சைக் கண்ணால் காண்பதுபோல் விளக்கலாம். 1981இல் வந்த ஐ.பி.எம். தனிக்கணினி வழக்கத்திற்குக் கொண்டுவந்த இணைவழி வாயிலைப் பலர் மறந்திருப்பீர்கள். அகலமான செருகி, தடித்த கம்பி, இருபுறமும் திருகு. பெரும்பாலான கணினிகளில் அதற்கு 888, 889, 890 என்று அடுத்தடுத்து மூன்று முகவரிகள். அனுப்ப வேண்டிய எழுத்தின் எண்ணை இயக்கி 888இல் வைக்கும். பொறி என்ன நிலையில் இருக்கிறது என்பதை 889இல் பார்க்கும். வேலையாக இருக்கிறதா, தாள் தீர்ந்துவிட்டதா, இணைப்பில் இருக்கிறதா, கோளாறா என்பவற்றுக்கெல்லாம் தனித்தனிக் கம்பிகள் உண்டு. பொறி ஓய்வாக இருந்தால் 890 வழியாக ஒரு துடிப்பு கொடுக்கும். "வைத்திருக்கிறேன், எடுத்துக்கொள்" என்று பொருள். ஒரு பக்கத்திலுள்ள ஒவ்வொரு பைட்டுக்கும் இதே சடங்கு.

இங்கே ஒரு வேடிக்கையைச் சொல்லாமல் போக மனமில்லை. தாள் தீர்ந்ததற்கும் இணைப்பு அறுந்ததற்கும் அடையாளம் உண்டு. ஆனால் பொறி கோளாறு என்கிறது, தாளும் தீரவில்லை, இணைப்பும் அறவில்லை என்றால் இயக்கி என்னதான் சொல்லும்? லினக்ஸ் இயங்குதளத்தின் அச்சுப்பொறி இயக்கி, "அச்சுப்பொறி தீப்பற்றி எரிகிறது" என்று அறிவிக்கும்! பழைய யூனிக்ஸ் காலத்து வழக்கம் அது. தெரிந்த காரணங்களையெல்லாம் கழித்தபின் எஞ்சியதை அப்படிச் சொல்லி வைத்தார்கள். கிராணியாருக்கும் நகைச்சுவை உண்டு போலும்.

அக்காலப் புள்ளிமுறை அச்சுப்பொறிகளில் நமக்கே உரிய ஓர் இடர்ப்பாடும் இருந்தது. அப்பொறிகளின் உள்ளே ஆங்கில எழுத்துகளின் வடிவங்கள் முன்கூட்டியே பதிந்திருந்தன. 65 என்று அனுப்பினால் ஏ எழுத்தை அடித்துவிடும். தமிழ் எழுத்துகள் அதனுள் இல்லை. ஆகவே தமிழில் அச்சடிக்க, பொறியை வரைபட நிலைக்கு மாற்றி, எழுத்தை எழுத்தாக அனுப்பாமல் புள்ளிகளின் கோலமாக அனுப்ப வேண்டியிருந்தது. ஒரு பைட்டில் எட்டுப் புள்ளிகள். செங்குத்தாக அடுக்கிய எட்டு ஊசிகளில் எவை தாளைக் குத்த வேண்டும் என்பதை அது சொல்லும். அடுத்த பைட்டு அடுத்த நிரை. 'ணை' என்று ஓர் எழுத்தை அடிக்க எத்தனை குத்து! தமிழ்க் கணிமையின் முன்னோடிகள் பட்ட பாட்டில் இதுவும் ஒன்று.

அந்தப் பழைய சிக்கலின் வாரிசை இன்றும் ஆசிரியர்கள் சந்திக்கிறார்கள். திரையில் செவ்வனே தெரியும் தேர்வுத்தாள், அச்சில் கொம்பு ஓரிடமும் எழுத்து ஓரிடமுமாகப் பிரிந்து வரும். சில இயக்கிகள் பக்கத்தை முழுப் படமாக அனுப்பாமல், எழுத்துருவையும் எழுத்தெண்ணையும் தனித்தனியே அனுப்பிப் பொறியையே கோத்துக்கொள்ளச் சொல்லும். கோப்பதில் தமிழ் தடுமாறும். கோப்பைப் பி.டி.எப். ஆக்கி, அச்சிடும் பெட்டியில் 'படமாக அச்சிடு' என்னும் தெரிவைப் பயன்படுத்திப் பாருங்கள். பெரும்பாலும் சரியாகிவிடும். சற்று மெதுவாக வரும், அவ்வளவே.

இப்போது விலை பற்றிய உண்மைக்கு வருகிறேன். அச்சுப்பொறிகளில் இருவகை உண்டு. ஒருவகைக்குச் சொந்த அறிவு உண்டு. 1984இல் அடோபி நிறுவனம் வெளியிட்ட போஸ்ட்ஸ்கிரிப்ட், ஹெச்.பி. நிறுவனத்தின் பி.சி.எல். போன்ற பக்க மொழிகளை அவை புரிந்துகொள்ளும். "இங்கே இந்தக் கோடு, அங்கே அந்த எழுத்து" என்று சொன்னால் புள்ளிகளாக்கும் வேலையைத் தாமே செய்துகொள்ளும். மற்றவகை மலிவானது. அதற்குள் அறிவு மிகக் குறைவு. பக்கத்தைப் புள்ளிகளாக்குவது முதல் எல்லாவற்றையும் கணினியிலுள்ள இயக்கியே செய்து, அந்தப் பொறிக்கு மட்டுமே விளங்கும் இரகசிய வடிவில் அனுப்பும். கடையில் நாம் விலை பார்த்து மகிழ்ந்து வாங்குவது பெரும்பாலும் இந்த இரண்டாம் வகையைத்தான். இந்தப் பொறிக்குக் கிராணியார் ஒருவரே. அவருக்குப் பதில் ஆள் இல்லை. உற்பத்தியாளர் புதிய இயங்குதளத்திற்கு இயக்கி எழுதித் தராவிட்டால் பொறியின் ஆயுள் அன்றோடு முடிந்தது. பற்சக்கரம் தேயவில்லை, உருளை கிழியவில்லை. ஆனாலும் அது பிணம்.

பழைய இயக்கியையே புதிய கணினியில் ஏற்றிவிடக் கூடாதா என்று கேட்பீர்கள். பல நேரங்களில் இயலாது. காரணம், இயக்கி குடியிருக்கும் இடம். நாம் பயன்படுத்தும் எழுதி, உலாவி முதலிய மென்பொருள்கள் தத்தம் அறைக்குள் வேலிபோட்டு வைக்கப்பட்டவை. ஒன்று கெட்டால் அது மட்டும் மூடிக்கொள்ளும். வன்பொருளைத் தொட வேண்டிய இயக்கிகளில் பெரும்பாலானவை கெர்னல் எனப்படும் இயங்குதளத்தின் கருவறைக்குள்ளேயே அமர்கின்றன. அலுவலகத்தின் எல்லாச் சாவிகளும் கிராணியாரின் இடுப்பில். 64 பிட் இயங்குதளத்தின் கெர்னல் நினைவக முகவரிகளை 8 பைட்டில் எழுதும். 32 பிட் காலத்து இயக்கி 4 பைட்டில் எழுதும். சாதாரண 32 பிட் மென்பொருளுக்கு இடையில் ஒரு மொழிபெயர்ப்புத் திண்ணை அமைத்துக் கொடுக்கலாம்; விண்டோஸ் அப்படித்தான் செய்கிறது. கருவறைக்குள் திண்ணைக்கு இடமில்லை. ஆகவே பழைய இயக்கி வாசலிலேயே திருப்பி அனுப்பப்படுகிறது. 2021இல் வந்த விண்டோஸ் 11க்கு 32 பிட் பதிப்பே கிடையாது. விண்டோஸ் 10க்கான பொது ஆதரவும் 2025 அக்டோபர் 14ஆம் நாளோடு முடிந்தது. பள்ளிகளில் கருவிகள் கூட்டம் கூட்டமாகப் படிக்கட்டின் அடிக்குப் போவதற்கு இந்த இரு செய்திகளுமே போதும்.

கருவறைக்குள் இருப்பவர் தடுமாறினால் என்ன ஆகும் என்பதை உலகம் 2024 ஜூலை 19ஆம் நாள் பார்த்தது. கிரவுட்ஸ்டிரைக் என்னும் பாதுகாப்பு நிறுவனத்தின் மென்பொருள் விண்டோசின் கெர்னலில் ஓர் இயக்கியாக இயங்குவது. அன்று அதற்கு வந்த புதிய தரவுக்கோப்பு 21 உள்ளீடுகளை எதிர்பார்த்தது. நிரலோ 20ஐ மட்டுமே வைத்திருந்தது. இல்லாத இருபத்தோராவதைப் படிக்கப்போன இயக்கி, தன்னோடு முழுக் கணினியையும் சாய்த்தது. சுமார் 85 இலட்சம் கணினிகள் நீலத்திரையில் நின்றன என்று மைக்ரோசாப்ட் கணித்தது. சாங்கி விமான நிலையத்தில் சில விமான நிறுவனங்கள் பயணிகளைக் கையால் எழுதிப் பதிவு செய்தன. அது ஒரு வன்பொருளுக்கான இயக்கி அன்று. ஆயினும் குடியிருந்த இடம் அதே கருவறைதான்.

இதனால்தான் ஆசிரியர்களிடம் ஒன்றை வற்புறுத்திச் சொல்வேன். இயக்கி தேடிக் கூகுளில் கிடைக்கும் ஏதோ ஒரு தளத்தில் நுழைந்து பதிவிறக்காதீர்கள். 'உங்கள் கணினிக்கு 14 இயக்கிகள் காலாவதியாகிவிட்டன' என்று பயமுறுத்தும் விளம்பரங்களை நம்பாதீர்கள். முன்பின் தெரியாதவனை அழைத்துச் சாவிக்கொத்தைக் கொடுப்பதற்கு அது ஒப்பாகும். உற்பத்தியாளரின் சொந்தத் தளம், அல்லது இயங்குதளமே தருவது. மூன்றாவது வழி வேண்டாம்.

எங்கள் பள்ளியின் வருடிக்கு நேர்ந்ததைச் சொன்னால் இவையெல்லாம் ஏன் முக்கியம் என்பது விளங்கும். முன்னாள் மாணவர் ஒருவரின் மகள், தம் தந்தையார் பாதுகாத்து வைத்திருந்த பழைய சிறப்பு மலர்களையும் தோட்டத்துப் பள்ளிப் படங்களையும் ஒரு பெட்டியில் கொண்டுவந்து கொடுத்தார். அந்தத் தோட்டம் இன்று இல்லை, வீடமைப்புப் பகுதியாகிவிட்டது. பள்ளியின் பழைய கட்டடமும் இல்லை. மலர்களின் வேறு படி எவரிடமும் இருப்பதாகத் தெரியவில்லை. தாள்கள் பழுத்து, தொட்டால் ஓரம் உதிரும் நிலை. "விடுமுறை முடிவதற்குள் வருடி எடுத்துவிட்டுத் திருப்பிக் கொடுத்துவிடுங்கள், ஐயா" என்றார்.

எங்களிடம் ஒரு தட்டை வருடி இருந்தது. நல்ல கண்ணாடி, நல்ல விளக்கு. புதிய கணினியில் செருகியதும் 'அறியப்படாத சாதனம்' என்று வந்தது. உற்பத்தியாளரின் தளத்தில் 32 பிட் இயக்கி மட்டுமே இருந்தது. அதற்குமேல் அவர்கள் எழுதவில்லை. புதிய வருடி ஐந்நூறு வெள்ளிக்கு மேல் ஆகும் என்று விசாரித்து வந்தார்கள். சங்கத்தின் அடுத்த கூட்டமோ விடுமுறைக்குப் பிறகு.

எங்கள் அறிவியல் ஆசிரியர் ஒருவர், இளைஞர், மறுநாள் ஒரு விரலியில் லினக்ஸ் இயங்குதளத்தைப் பதிந்துகொண்டு வந்தார். கணினியின் வன்தட்டைத் தொடாமல் விரலியிலிருந்தே கணினியைத் தொடக்கினார். வருடியைச் செருகினார். இங்கே நடப்பதைச் சற்று நிதானமாகப் பார்க்கலாம். யு.எஸ்.பி. கருவி எதுவானாலும் செருகியவுடன் தன்னைப் பற்றிச் சொல்லிக்கொள்ளும். அதில் இரண்டு எண்கள் முக்கியமானவை. ஒன்று தயாரித்தவர் எண், மற்றொன்று பொருள் எண். இயங்குதளம் இந்த இணையைத் தன்னிடமுள்ள பட்டியலில் தேடும். விண்டோசின் பட்டியலில் எங்கள் வருடி இல்லை. லினக்சில் சேன் என்னும் திட்டத்தின் பட்டியலில் இருந்தது. வருடிகளுக்காகத் தன்னார்வலர்கள் பல ஆண்டுகளாக எழுதிச் சேர்த்துவரும் இயக்கிகளின் தொகுப்பு அது. சிலவற்றை உற்பத்தியாளர் தந்த விவரத்தைக் கொண்டு எழுதினார்கள். விவரம் தராதபோது, வருடிக்கும் கணினிக்கும் இடையே ஓடும் எண்களை ஒட்டுக்கேட்டு, எந்த எண்ணுக்கு விளக்கு எரிகிறது, எதற்கு மோட்டார் நகர்கிறது என்று பார்த்துப் பார்த்து எழுதினார்கள். யாரோ ஒருவர் எங்கள் வருடியின் மொழியைக் கற்று வைத்திருந்தார்.

விளக்கு எரிந்தது. முதல் பக்கம் வந்தது.

ஓர் ஏ4 பக்கத்தை அங்குலத்திற்கு 300 புள்ளி வீதம் வண்ணத்தில் எடுத்தால் ஏறத்தாழ 87 இலட்சம் புள்ளிகள், புள்ளிக்கு 3 பைட்டு, ஆக 2 கோடியே 60 இலட்சம் பைட்டுகள். விசைப்பலகையைப்போல ஒவ்வொன்றாகச் செயலியே எடுத்து வைத்தால் கட்டுப்படியாகாது. கிராணியார் பால் வாளியைத் தாமே தூக்குவதில்லை அல்லவா? "இந்தக் கொட்டகையில் இறக்கு, முடிந்ததும் மணி அடி" என்று சொல்லிவிட்டு வேறு வேலை பார்ப்பார். அவ்வாறே இயக்கி, நினைவகத்தில் ஓர் இடத்தைக் காட்டிவிடும். யு.எஸ்.பி. கட்டுப்படுத்தி நேராக அங்கே கொண்டுபோய்க் கொட்டும். கொட்டி முடித்ததும் ஒரு குறுக்கீடு. பழைய வருடியாதலால் பக்கத்துக்கு அரை நிமிடம் ஆயிற்று. மூன்று சனிக்கிழமைகளில் 214 பக்கங்கள் எடுத்து முடித்தோம். பெட்டி சொன்ன நாளில் திரும்பிப் போயிற்று.

எல்லாக் கருவிகளுக்கும் இப்படி வாய்க்கும் என்று சொல்லமாட்டேன். சில கருவிகளின் மொழியை எவரும் கற்கவில்லை. சிலவற்றுக்குள் ஏற்ற வேண்டிய நிரலை உற்பத்தியாளர் வெளியே விடுவதில்லை. ஆயினும் தூக்கிப்போடுமுன் ஒருமுறை முயன்று பார்க்க ஒரு விரலியும் அரைமணி நேரமும் போதும்.

கட்டற்ற மென்பொருள் இயக்கத்தின் கதையிலேயே ஓர் அச்சுப்பொறி வருகிறது என்பதை அறிந்தவர் சிலரே. அமெரிக்காவின் எம்.ஐ.டி. ஆய்வகத்தில் ரிச்சர்ட் ஸ்டால்மன் பணியாற்றியபோது, பழைய அச்சுப்பொறியின் நிரலைத் திருத்தி, தாள் சிக்கினால் பயனர்களுக்குச் செய்தி போகும்படி செய்திருந்தார். 1980ஐ ஒட்டிய காலத்தில் ஜெராக்ஸ் நிறுவனத்தின் புதிய லேசர் பொறி வந்தது. அதன் மென்பொருள் மூலநிரலின்றி வந்ததால் அவரால் திருத்த இயலவில்லை. நிரலை வைத்திருந்த வேறொரு பல்கலைக்கழகத்தாரிடம் கேட்டார். தரமாட்டோம் என்று வாக்குக் கொடுத்திருப்பதாகச் சொல்லி மறுத்துவிட்டார்கள். 1983இல் அவர் அறிவித்த குனூ திட்டத்தின் பின்னே இந்தக் கசப்பும் இருந்தது. பொறி நம்முடையது, அதனோடு பேசும் உரிமை வேறொருவருடையது என்னும் நிலையை அவர் ஏற்கவில்லை. எங்கள் வருடியை எழுப்பிய இயக்கி அவ்வழி வந்ததே.

இனி வாங்கும்போது என்ன பார்ப்பது? சந்தை மலாயை எண்ணிக்கொள்ளுங்கள். சீனர் கடைக்குப் போகும் தமிழர் மாண்டரின் கற்பதில்லை, கடைக்காரர் தமிழ் கற்பதில்லை. இருவரும் சந்தை மலாயில் பேரம் முடித்துவிடுவர். கருவிகளிலும் அப்படிப் பொதுமொழி பேசுபவை உண்டு. விரலியை எந்தக் கணினியில் செருகினாலும் வேலை செய்வது அதனால்தான். விசைப்பலகை, சுட்டி இவற்றுக்கும் பொதுமொழி இருக்கிறது. வெப்கேமராவுக்கும், வகுப்பறையில் நாம் பயன்படுத்தும் ஆவணக் காட்டிக்கும் யு.வி.சி. என்னும் பொதுமொழி உண்டு. ஆவணக் காட்டி வாங்கும்போது கடைக்காரரிடம் இந்த மூன்றெழுத்தைக் கேளுங்கள். 'எங்கள் மென்பொருளை ஏற்றினால்தான் படம் தெரியும்' என்றால் வேறு கடை பாருங்கள்.

அச்சுப்பொறியில் ஏர்பிரிண்ட், மோப்ரியா என்னும் பெயர்களைப் பெட்டியின்மேல் தேடுங்கள். முன்னது 2010இல் ஆப்பிள் கொண்டுவந்தது. பின்னது 2013இல் சில அச்சுப்பொறி நிறுவனங்கள் கூடி அமைத்த கூட்டமைப்பினது. இத்தகைய பொறிகள் தனி இயக்கி இல்லாமலே ஒரு பொது இயக்கியின் வழி அச்சடிக்கும். 2023 செப்டம்பரில் மைக்ரோசாப்டும், உற்பத்தியாளர்களின் தனி இயக்கிகளை விண்டோஸ் வழி வழங்குவதைப் படிப்படியாக நிறுத்திப் பொதுமொழிக்கு மாறப்போவதாக அறிவித்தது. பொதுமொழி தெரியாத பொறியை இன்று மலிவாக வாங்குவது நாளைய படிக்கட்டின் அடிக்கு ஒன்றைச் சேர்ப்பதே. கூடுதலாக நூறு வெள்ளி ஆகலாம். மேற்கோள் விலைப்பட்டியல்களில் மிகக் குறைந்ததைத்தான் தேர வேண்டும் என்னும் பழக்கம் நம்மிடையே வேரூன்றியிருக்கிறது. காரணத்தை எழுத்தில் கொடுத்தால் எங்கள் சங்கத்தார் ஏற்றுக்கொண்டார்கள்.

இப்போது எங்கள் பள்ளியில் ஒவ்வொரு கருவியின் அடியிலும் ஒரு சிறு தாள் ஒட்டியிருக்கிறோம். வாங்கிய ஆண்டு, தயாரித்தவர் எண், பொருள் எண், கடைசியாக எந்த இயங்குதளத்தில் வேலை செய்தது என்னும் நான்கு வரிகள். ஆறாம் ஆண்டு மாணவர்கள் எழுதியவை. வருடியின் அடியிலுள்ள தாளில் நான்காவது வரி, "லினக்ஸ். விரலி அலுவலக மேசையின் இரண்டாம் இழுப்பறையில்" என்று இருக்கிறது.